தோல்காரன் வீட்டு மாடி

புது வருஷ ராத்திரி ஆராதனையில் கை நீட்டி எடுக்கிறோமே வாக்குத்தத்த அட்டை, நம் ஜெபத்தைக் கெடுத்தது அதுதான் என்பேன். கோபம் வந்தால் வரட்டும். உயர்வு, வீடு, விசா. அந்த அட்டைக்குள் அடங்குகிற அளவுதான் நமக்கு வேதம். 88-ஆம் சங்கீதம் எந்த அட்டையிலாவது வந்து பார்த்திருக்கிறீர்களா? வராது. இருட்டிலேயே முடிகிற சங்கீதம் அது, கடைசியில் ஆறுதலாக ஒரு சொல்கூட கிடையாது. 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று புலம்பல். அதை அச்சடித்துக் கொடுக்க எவனுக்கும் மனசு வரல.

ஆம்பூரில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். 2015 ஜனவரி 31, விடியுமுன், ராணிப்பேட்டை சிப்காட்டில் டேனரிக் கழிவு தேக்கியிருந்த தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்தவர்களோடு 10 பேர் செத்துப்போனார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். மறுநாள் ஞாயிறு, பிப்ரவரி முதல் தேதி. நான் போயிருந்த சபையில் மாதத்துக்கான வாக்குத்தத்தம் வாசித்தார்கள், ஸ்தோத்திரம் சொன்னார்கள். அந்தப் பத்துப் பேருக்காக ஒரு வார்த்தை இல்லை. கல்நெஞ்சக்காரர்களா என்றால் இல்லை. அங்கே பாதிப்பேருக்குச் சோறு தோலிலும் ஷூவிலும்தான். அந்த ஜெபத்துக்கு அவர்கள் வாயில் சொல் இல்லை, அவ்வளவுதான். சொல் சங்கீதத்தில் இருக்கிறது. நாமோ 23-ஐயும் 91-ஐயும் தாண்டுவதில்லை. பாலாற்றை டேனரிகள் கெடுத்தது பற்றி 1996-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லிவிட்டது. நம் விண்ணப்பங்களில் பாலாறு இன்னும் வந்து சேரவில்லை.

வசனத்தை நீட்டி 'நீர் சொன்னீரே, கொடும்' என்று வசூல் பண்ணுவதற்குப் பெயர் வேதத்தோடு ஜெபிப்பதல்ல. மீன் வயிற்றில் யோனா செய்த ஜெபம் பெரும்பாலும் சங்கீதச் சொற்களால் நெய்தது. சிலுவையில் இயேசு கேட்டது 22-ஆம் சங்கீதத்தின் முதல் கேள்வி. வருஷக்கணக்கில் உள்ளே ஊறிக் கிடந்த சொல், மூச்சு முட்டும்போது தானாக வெளியே வருகிறது.

'ஜெபத்துக்குள்ள அரசியலைக் கொண்டு வராதீங்க தம்பி' என்பார்கள். யாக்கோபு 5-இல், பிடித்துவைத்த கூலி கூக்குரலிட்டு அது கடவுளின் காதுவரை போகிறதே, அதை யார் கொண்டு வந்தது ஐயா? அப்போஸ்தலர் 10-இல் மத்தியான ஜெபத்துக்குப் பேதுரு ஏறியது யார் வீட்டு மாடி? யோப்பாவில் கடலோரம் இருந்த சீமோன் வீடு. தோல் பதனிடுகிறவன். யூதர்கள் அருவருத்த தொழில். நம்மூரிலும் தோலைத் தொட்டவனைத் தள்ளித்தானே வைத்தார்கள்? அந்த மாடியில் வைத்துத்தான் தீட்டு பற்றிய பேதுருவின் கணக்கு கவிழ்கிறது. எங்கள் ஊருக்கென்றே எழுதின மாதிரி அதிகாரம். அதில் கொர்நேலியுவைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டாயிற்று, சீமோனைப் பற்றி ஒன்றுகூட இல்லை.

பழைய ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகத்தில் 150 சங்கீதங்களையும் காலை, மாலை என்று 30 நாளுக்குப் பங்கிட்டிருக்கிறார்கள். அதை எடுத்துக்கொள்ளுங்கள். பிடித்தது, பிடிக்காதது என்று பொறுக்க முடியாது. நீங்கள் சந்தோஷமாக இருக்கிற அன்றும் புலம்பல் வரும். அப்போது வேறு யாருக்காகவோ புலம்ப வேண்டியிருக்கும். 88-ஆம் சங்கீதம் 17-ஆம் தேதி காலையில் வருகிறது. அன்று உங்கள் பிறந்தநாளாக இருந்தாலும் வரும்.