கண்ணாடிப் பெட்டியின் அருகே தந்தைக்கும் இடம் வேண்டும்

1963 ஆகஸ்ட் 7ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் பற்றிக் ஐந்தரை வாரம் முந்திப் பிறந்தான். மூச்சுவிடத் திணறிய சிசு பொஸ்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. தாயோ பிரசவித்த இராணுவ வைத்தியசாலையிலேயே இருந்தார். தந்தை இரண்டிடத்துக்கும் இடையே அலைந்தார். 9ஆம் திகதி அதிகாலை குழந்தை இறந்தது. வல்லரசொன்றை ஆண்டவரும் அன்று கையறுநிலையில் நின்ற ஒரு தந்தையே.

இன்று அத்தகைய குழந்தைகளிற் பெரும்பாலானவை பிழைக்கின்றன. முதிராத நுரையீரலை விரிந்திருக்கச் செய்யும் மருந்து 1990இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மருத்துவம் வளர்ந்தது, தந்தையின் அலைச்சல் மட்டும் ஓயவில்லை.

ஊரில் பிள்ளைப்பேறு பெண்களின் உலகம். சரக்கரைக்க அம்மா, குழந்தையைக் குளிப்பாட்ட மாமி, இரவில் கண்விழிக்கப் பெரியம்மா என எத்தனையோ கைகள் இருந்தன. தந்தை வாசலில் நின்றாற் போதும். நியூ ஜேர்சியிலும் டெக்சாசிலும் அந்தக் கைகள் இல்லை. சத்திரசிகிச்சை செய்த மனைவி ஓரிடம், குழாய்கள் பூட்டிய பிள்ளை ஓரிடம், மூத்த பிள்ளை அயல்வீட்டில். இத்தனைக்கும் நடுவே, வேலை பறிபோய்விடுமோ என்ற அச்சத்தில் இரவுவேலைக்குப் புறப்படும் தந்தையரை நாம் அறிவோம். 'ஆம்பிளை அழக்கூடாது' என்ற சொல் அவர்களின் வாயையும் கட்டிவிடுகிறது.

விடுமுறை கேட்பது இரத்தல் அன்று. கலிபோர்னியாவில் 2004 முதலும் நியூ ஜேர்சியில் 2009 முதலும் குடும்ப விடுமுறைக்கு ஊதியத்தில் ஒரு பங்கு வழங்கப்படுகிறது. இப்போது முன்னதில் எட்டு வாரமும் பின்னதில் பன்னிரண்டு வாரமும் உண்டு. தந்தைக்கும் அது உரியது. அந்நிதி தொழிலாளரின் சம்பளத்திலிருந்து கழிக்கப்படும் பணமே. ஆயினும் பணம் தரும் சட்டம் வேறு, வேலையைக் காக்கும் சட்டம் வேறு. இரண்டையும் விசாரித்தறிதல் அவசியம்.

டெக்சாசிலோ தனியார்துறைத் தொழிலாளருக்கு அத்தகைய மாநில நிதி இல்லை. 1993ஆம் ஆண்டின் மத்திய சட்டம் பன்னிரண்டு வார விடுமுறையை ஊதியமின்றியே தருகிறது. அதுவும் ஐம்பது பேருக்குக் குறையாத நிறுவனத்தில் ஓராண்டு உழைத்தவருக்கே. நேற்று வந்த அகதி அதன் நிழலுக்குள் வருவதில்லை. பிரித்தானியாவிலோ, பிறந்ததும் ஒரு வாரத்துக்கு மேல் வைத்தியசாலையில் தங்க நேரும் குழந்தைகளின் தாய், தந்தை இருவருக்கும் 2025 ஏப்ரல் முதல் பன்னிரண்டு வாரம்வரை மேலதிக விடுமுறை உண்டு. அங்கு இயல்வது இங்கு இயலாதா?

தந்தை அங்கிருப்பது வெறும் ஆறுதலுக்காக அன்று. பிள்ளையை வெறும் மார்போடு அணைத்து வைத்திருக்கும் முறை 1970களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் தோன்றியது. தாய் எழுந்து வர இயலாத நாட்களில் தந்தையின் மார்பும் அச்சிசுவுக்குச் சூடு தரும்.

சட்டம் மாறும்வரை எமது சங்கங்கள் வாளாவிருக்கலாகாது. சோறு சமைத்துக் கொடுப்பதும், வாகனத்தில் ஏற்றி இறக்குவதும், படிவம் நிரப்ப உதவுவதும் எம்மால் இயலாதவை அல்ல. ஊரில் இருந்த அந்தக் கைகளாக இங்கு நாமே ஆகவேண்டும்.