இயந்திரக் கங்காணியும் எம்.பி.ஏ. படிப்பும்

பட்டப்படிப்புத் தேர்வு முடிவுகள் வெளிவரும் பருவம் வந்துவிட்டால் போதும், கல்லூரி விளம்பரங்கள் செய்தித்தாளின் மடிப்புக்குள்ளும் கைப்பேசித் திரைக்குள்ளும் புகுந்து நம் வீடு தேடி வருகின்றன. சில ஆண்டுகளாக அவற்றில் ஒரே மந்திரம்தான்: "செயற்கை நுண்ணறிவுடன் கூடிய எம்.பி.ஏ." படிப்பின் பெயரோடு 'ஏ.ஐ.' என்று ஒட்டிவிட்டால் பழைய சரக்குக்கும் புதுக் கிராக்கி.

இடக்கொச்சி, பள்ளுருத்தி, வாத்துருத்தி வட்டாரத்து நம் குடும்பங்களில் இதுபற்றி இரண்டு விதமான பேச்சு அடிபடுகிறது. "தாலிக்கொடியை வித்தாவது சேத்துவிடு, புள்ள ஏசி ரூம்ல உக்காருவான்" என்பது ஒன்று. "கூலிக்காரன் பிள்ளைக்கு எதுக்கப்பா இந்தப் பெரிய இடத்துப் படிப்பு?" என்பது மற்றொன்று. இரண்டும் தவறு என்பதே நமது வாதம். முதல் பேச்சு நம் பெட்டியைக் காலியாக்கும். இரண்டாவது பேச்சு அதைவிடக் கேடானது. நம் பிழைப்பைத் தீர்மானிக்கும் வித்தையை, நமக்கு வேண்டாம் என்று நாமே எழுதிக் கொடுப்பது அது.

ஏ.ஐ. என்றதும், கேட்ட கேள்விக்குப் பதில் எழுதும் இயந்திரம், படம் போடும் இயந்திரம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நிர்வாகப் படிப்பில் அதற்கு இருக்கும் முக்கிய வேலை வேறு. நாளைக்கு எத்தனை ஆள் தேவை? யாரை எடுப்பது, யாரைக் கழிப்பது? எவ்வளவு கூலி சொன்னால் கொட்டும் மழையிலும் ஆள் வருவான்? எவருக்குக் கடன் கொடுக்கலாம், எவர் திருப்பிக் கட்டமாட்டார்? முன்பு நடந்த ஆயிரக்கணக்கான, இலட்சக்கணக்கான கணக்குகளை இயந்திரத்துக்கு ஊட்டி, அவற்றில் உள்ள போக்கைக் கண்டுபிடிக்கச் சொல்லி, அந்தப் போக்கை வைத்து நாளை நடக்கப்போவதைக் கணிக்க வைக்கிறார்கள். சாரம் இவ்வளவே. இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. ஆளெடுப்பது, வேலை பிரிப்பது, கூலி வைப்பது. இந்த வேலைக்குத் தமிழன் வைத்திருக்கும் பழைய பெயர் கங்காணி வேலை.

கங்காணியை நமக்கு நன்றாகத் தெரியும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயா ரப்பர்க் காடுகளுக்கும் நம் இனத்து ஏழைகளைக் கூட்டிப்போனவன் அவன். இலங்கைத் தோட்டங்களில் காலைப் பிரட்டில், அதாவது ஆள் எண்ணும் இடத்தில், எத்தனை பேர் வேலைக்கு நின்றார்களோ அத்தனைக்கும் அவனுக்குத் தலைக்காசு கிடைத்தது. தொழிலாளி அடுத்த தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், இவன் கடன் இவ்வளவு என்று எழுதிய துண்டுச் சீட்டு வேண்டும். அந்தத் துண்டு முறை ஒழிந்தது 1921-இல்தான்.

நாம் பிழைக்க வந்த இந்தக் கொச்சியிலும் அதற்கு ஒரு தம்பி இருந்தான். அவன் பெயர் சாப்பா. மட்டாஞ்சேரித் துறையில் கப்பல் வேலைக்கு ஆளெடுக்கும்போது, மூப்பன் உலோக வில்லைகளைக் கூட்டத்தின் நடுவே வீசுவான். பட்டினியோடு நிற்கும் மனிதர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பிறாண்டி, யார் கையில் வில்லை சிக்கியதோ அவருக்கு அன்றைய வேலை. அதை எதிர்த்துக் கிளம்பிய தொழிலாளர்கள்மீது 1953 செப்டம்பர் 15 அன்று போலீஸ் துப்பாக்கி பாய்ந்தது. அந்தப் போராட்டத்தில் சைது, சைதலவி, ஆண்டனி என மூன்று தொழிலாளிகள் மாண்டார்கள். கப்பல்துறைத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் 1948-லேயே புத்தகத்தில் ஏறியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சட்டம் ஏட்டில் இருந்தது, வில்லை மூப்பன் கையில் இருந்தது.

இன்று மோட்டார் சைக்கிளில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு போகும் நம் பையனைக் கேட்டுப் பாருங்கள். அவன் கைப்பேசியில் 'டிங்' என்று ஓர் அழைப்பு விழுகிறது. சில நொடிகளில் அதைத் தொட்டு ஏற்க வேண்டும், இல்லாவிட்டால் அது அடுத்தவனுக்குப் போய்விடும். ஏன் எனக்கு வந்தது, ஏன் வரவில்லை, நேற்றைக்கும் இன்றைக்கும் தூரம் ஒன்றாக இருந்தும் கூலி ஏன் குறைந்தது? கேட்க ஆளில்லை. மூப்பனுக்காவது முகம் இருந்தது, அவன் வீட்டு வழியும் தெரிந்திருந்தது. இந்தக் கங்காணிக்கு முகமே கிடையாது. ஐந்து நட்சத்திரத்தில் மூன்று நட்சத்திரம் வாங்கியவனுக்கு அடுத்த கம்பெனியில் பழைய உழைப்பு எதுவும் கணக்கில் வராது. துண்டுச் சீட்டு வேறு உருவத்தில் திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

"இயந்திரத்துக்குச் சாதி ஏது, மதம் ஏது? அது பாரபட்சம் பார்க்காது" என்று சில படித்த பெருமக்கள் உபதேசம் செய்கிறார்கள். நடந்ததைச் சொல்கிறோம். அமேசான் நிறுவனம் வேலை விண்ணப்பங்களைத் தரம்பிரிக்க 2014 முதல் ஓர் இயந்திர ஏற்பாட்டை உருவாக்கிப் பார்த்தது. முந்தைய பத்தாண்டு விண்ணப்பங்களைக் கொடுத்துப் பழக்கினார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. விளைவு, விண்ணப்பத்தில் பெண்கள் என்ற சொல் தென்பட்டாலே இயந்திரம் மதிப்பெண்ணைக் குறைத்தது. கடைசியில் அதைக் கைவிட்டார்கள். 2018-இல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் இதை வெளியிட்டது. இயந்திரம் பொய் சொல்லவில்லை, தோழர்களே. கம்பெனி அதுவரை செய்துவந்த பாரபட்சத்தை அது ஒழுங்காகக் கற்றுக்கொண்டது. 'தமிழன்', 'காலனி', 'சங்கம்' என்ற அடையாளங்களை விலக்கியே பழகிய பழைய கணக்கைக் கொடுத்தால் அது எதைக் கற்றுக்கொள்ளும் என்று நாம் விளக்க வேண்டியதில்லை.

இத்தாலியில் பொலோனா நகரத்து நீதிமன்றம் 2020 டிசம்பர் 31 அன்று ஒரு தீர்ப்புச் சொன்னது. டெலிவரூ என்ற உணவு விநியோக நிறுவனத்தின் இயந்திரம், முன்பதிவு செய்த நேரத்துக்கு வராத தொழிலாளியின் தரத்தைக் குறைத்துவந்தது. காய்ச்சலில் படுத்தவன், வேலைநிறுத்தத்தில் நின்றவன், சும்மா வராதவன் மூவரும் அதற்கு ஒன்றே. இது பாரபட்சம் என்றது நீதிமன்றம். வழக்குப் போட்டது தொழிற்சங்கம். அந்தச் சங்கத்தின் பக்கம் கணக்கு தெரிந்தவர்கள் இருந்தார்கள், அதனால்தான் எந்த இடத்தில் விரலை வைப்பது என்று தெரிந்தது. நம் பக்கம் யார் இருக்கிறார்கள்? "பெரிய இடத்துப் படிப்பு" என்று ஒதுங்குகிறவர்களுக்கு இதுவே நமது முதல் பதில்.

இரண்டாவது பதில் வரலாற்றில் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவு நிர்வாகப் படிப்புக்கு நேற்று வந்த விருந்தாளி அல்ல. 1956-இல் ஆலன் நியூவெல், கிளிஃப் ஷா ஆகியோரோடு சேர்ந்து, தர்க்கத் தேற்றங்களை நிறுவும் கணிப்பொறி நிரலை உருவாக்கிய ஹெர்பர்ட் சைமன், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில் நிர்வாகவியல் பள்ளியின் பேராசிரியர். அலுவலகங்களில் மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று 1947-லேயே புத்தகம் எழுதியவர், 1978-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். ஆக, இந்த வித்தையின் தொட்டில்களில் ஒன்று நிர்வாகப் பள்ளி. (அதே சைமன் 1957-இல், பத்தாண்டுக்குள் கணிப்பொறி சதுரங்க உலகச் சாம்பியனாகிவிடும் என்றார். ஆனது 1997-இல். "இன்னும் இரண்டே வருடத்தில் எல்லாம் மாறிவிடும்" என்று நாற்காலியைச் சுழற்றிப் பேசுகிறவர்களிடம் இதை நினைவூட்டலாம்.) ஆந்திரத்துக் கிராமத்தில் பிறந்து, சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் 1958-இல் பட்டம் பெற்ற ராஜ் ரெட்டி, இதே துறைக்காக 1994-இல் கணிப்பொறி உலகின் உயர்ந்த விருதான டூரிங் விருதை வாங்கினார். எந்த ஊர்ப் பிள்ளைக்கும் இந்தப் படிப்பு வரும். வராது என்பது மூப்பன் பேச்சு.

ஆனால் எதைப் படிப்பது? நகையை விற்கத் துடிக்கும் பெற்றோரிடம் இனிப் பேசுவோம்.

எம்.பி.ஏ. என்பது பட்டம். 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக்குழுச் சட்டப்படி, பல்கலைக்கழகங்களும், பட்டம் வழங்கச் சட்டத்தால் அதிகாரம் பெற்ற நிறுவனங்களும்தான் பட்டம் கொடுக்க முடியும். பல்கலைக்கழகத்தோடு இணையாத தனி நிறுவனம் தருவது பி.ஜி.டி.எம். என்னும் பட்டயம். அதில் தவறில்லை, ஆனால் அதற்கு ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் உண்டா என்று பார்க்க வேண்டும். இரண்டும் இல்லாத வெறும் சான்றிதழை 'எம்.பி.ஏ.வுக்குச் சமம்' என்று வாய்கூசாமல் விற்கிறவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்து, பாடத்திட்டத்தைக் கேளுங்கள். புள்ளியியல் எத்தனை மணி நேரம்? நிகழ்தகவு உண்டா? பைத்தான் போன்ற ஒரு நிரல்மொழியில் கையால் எழுதிப் பழக்குகிறார்களா? கலைந்து கிடக்கும் தரவைச் சுத்தம் செய்யச் சொல்லித் தருகிறார்களா? இயந்திரம் சொன்ன கணிப்பில் எத்தனை தப்பு, யாருக்குப் பாதகமான தப்பு என்று அளக்கச் சொல்லித் தருகிறார்களா? இவை இல்லாமல், சந்தையில் உள்ள பதில் எழுதும் செயலிகளில் கேள்வி தட்டச்சு செய்யப் பழக்கிவிட்டு 'ஏ.ஐ. சிறப்புப் பாடம்' என்று முத்திரை குத்தினால், அது மோர்ப்பந்தலில் நீரை ஊற்றி மோர் என்று விற்கிற வியாபாரம். அந்தத் தட்டச்சை நம் வீட்டுப் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒரு வாரத்தில் பழகிக்கொள்வாள்.

இன்னொன்றும் அந்த விளம்பரங்களில் வராது. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி.யும் நடத்தும் என்.பி.டெல். பாடங்களில் இயந்திரக் கற்றல், புள்ளியியல், நிர்வாகம் எல்லாம் இருக்கின்றன. படிப்பதற்குக் காசில்லை, சான்றிதழுக்காகத் தேர்வெழுதினால் மட்டுமே கட்டணம். சில பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. பி.காம். படித்த பிள்ளை முதலில் அதில் ஒரு பாடத்தை முடித்துப் பார்க்கட்டும். பிடித்தால் எம்.பி.ஏ.வுக்குப் போகட்டும். கொச்சியில் 1964-லேயே தொடங்கிய நிர்வாகவியல் பள்ளி குசாட் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. நுழைவுத் தேர்வெழுதி அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் பிடிப்பதை விட்டுவிட்டு, தரகர் பின்னால் போய் நிர்வாக ஒதுக்கீட்டில் பணத்தைக் கொட்டுவது ஏன்? கடன் வாங்கத்தான் வேண்டும் என்றால், 4 இலட்சம் ரூபாய் வரை கல்விக்கடனுக்கு வங்கி சொத்து ஈடு கேட்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வட்டிக்காரன் வாசலுக்கு முன்னால் வங்கி வாசலை மிதியுங்கள்.

படித்து முடித்தவுடன் வேலை என்ற உறுதிமொழியையும் நம்பிவிடாதீர்கள். 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் சுமார் 12,000 பேரை அனுப்பப் போவதாக அறிவித்தது. காரணம் ஏ.ஐ. அல்ல, திறன் பொருந்தாமைதான் என்றது கம்பெனி. காரணம் எதுவானால் என்ன, போனவர்களில் நடுமட்ட நிர்வாகிகள் பலர். அறிக்கை எழுதுவது, பட்டியல் போடுவது என்று புது எம்.பி.ஏ.காரர் கையில் கொடுத்துவந்த வேலைகளையே இயந்திரம் முதலில் விழுங்குகிறது. கருவியைத் தட்ட மட்டும் தெரிந்தவனுக்கு அங்கே இடமில்லை. கருவி எங்கே தவறும் என்று தெரிந்தவனுக்குத்தான் நாற்காலி.

கல்லூரிகளிடமும் பல்கலைக்கழகங்களிடமும் நாம் கேட்பது ஒன்று. எம்.பி.ஏ. வகுப்பில் ஆளைக் குறைக்கும் கணக்கைக் கற்றுத்தருகிறீர்கள். அந்தக் கணக்கின் அடியில் நிற்கும் ஆளுக்குள்ள உரிமையை ஏன் கற்றுத்தரவில்லை? சட்டம் இல்லாமலில்லை. ராஜஸ்தான் 2023-இல் செயலித் தொழிலாளர் சட்டம் இயற்றியது. தமிழ்நாடு அதே ஆண்டு இவர்களுக்கு நலவாரியம் அமைத்தது. கர்நாடகம் 2025-இல் கொண்டுவந்த சட்டம் ஒரு படி மேலே போகிறது. தொழிலாளியின் வருமானத்தையும் வேலையையும் பாதிக்கும் இயந்திர முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்பதை அவருக்குச் சொல்ல வேண்டும், வேலையிலிருந்து நீக்கினால் எழுத்தில் காரணத்தோடு 14 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்கிறது. கங்காணி ஏன் சாப்பாவை அங்கே வீசினான் என்று அவன் வாயாலேயே சொல்ல வைக்கும் சட்டம் இது. நாளைக்கு நிர்வாகி ஆகப்போகிறவன் இதைப் படிக்காமல் எப்படி நிர்வாகி ஆவான்? பொலோனா தீர்ப்பு ஒரு வகுப்பிலாவது பாடமாக வேண்டும். சாப்பாவும் பாடமாக வேண்டும். அது நடந்த துறைமுகம் கொச்சிக் கல்லூரிகளுக்குப் பேருந்து தூரத்தில்தானே இருக்கிறது?

கடைசியாக, நம் குடும்பங்கள் பலவற்றுக்கு வாசலிலேயே போடப்பட்டிருக்கும் பூட்டைப் பற்றி. 1950-க்குப் பின் பிழைப்புக்காக வேறு மாநிலம் வந்த பட்டியல் சாதிக் குடும்பத்துக்கு, வந்த மாநிலத்தில் அந்த மாநில அரசின் ஒதுக்கீடு கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் சொன்னது. 2018-இல் பீர் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மறுபடி உறுதி செய்தது. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியாக இருந்தவர் வாளையாற்றைத் தாண்டியதும் பொதுப்பிரிவு ஆகிவிடுகிறாராம். தீண்டாமை மட்டும் எந்த எல்லையிலும் இறங்கிக்கொள்வதில்லை. ஊரில் போய்ச் சேர்க்கலாம் என்றால், இங்கே படித்த பிள்ளைக்குப் பிறப்பிடச் சான்று எங்கே என்று அங்கே கேட்கிறார்கள். அரசியல்வாதிகள் இருபுறமும் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள், இதைத் தவிர.

ஆனால் மத்திய அரசு நிறுவனங்களுக்கு இந்தப் பூட்டு இல்லை. கோழிக்கோடு ஐ.ஐ.எம். போன்ற இடங்களில் பட்டியல் சாதியினருக்குள்ள 15 விழுக்காட்டில், சொந்த மாநிலத்துச் சாதியைக் கொண்டே நம் பிள்ளை போட்டியிடலாம். அதற்கு மத்திய அரசுப் படிவத்தில் சாதிச் சான்று வேண்டும். தகப்பனாருக்குச் சொந்த மாநிலத்தில் வழங்கிய சான்றைக் காட்டினால், குடியேறிய இடத்து அதிகாரியே பிள்ளைக்கு அதைக் கொடுக்கலாம். அந்தப் படிவத்தில் வேறு மாநிலத்திலிருந்து வந்தோருக்கென்று தனிப் பத்தி இருக்கிறது. தாலுகா அலுவலகத்தில் "இங்கே தரமாட்டோம், உங்க ஊருக்குப் போ" என்று விரட்டினால், அந்தப் பத்தியைச் சுட்டிக்காட்டி எழுத்தில் மறுப்புக் கேளுங்கள். கேரளத்தில் தமிழ் அறிவிக்கப்பட்ட மொழிச் சிறுபான்மை மொழி. 1969-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம், தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களின் அரசு அலுவலகங்களுக்கும் தமிழில் எழுத இடம் தந்தது. ஐ.ஐ.எம். நுழைவுத் தேர்வு விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்டில் திறக்கும், தேர்வு நவம்பர் கடைசியில். அப்பாவின் பழைய சான்று ஊரில் யார் வீட்டுப் பெட்டியில் கிடக்கிறது என்று இப்போதே போன் போட்டு விசாரியுங்கள்.