செல்லுக்குள் ஓடும் கடிகாரம்: மின்மினி வெளிச்சத்தில் படம் பிடிக்கும் விஞ்ஞானிகள்... நமக்கு என்ன பயன்?

நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்தால் தூக்கம் வராது, சாப்பிடுற நேரத்தில் பசிக்காது. உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் குழம்புவதுதான் காரணம். ஆனால் இந்தக் கடிகாரம் மூளையில் மட்டும் இல்லை. கல்லீரல், நுரையீரல், தோல் என உடலின் பெரும்பாலான செல்களிலும் ஓடுகிறது.

கடிகாரம் எப்படி ஓடுது?

'பீரியட்' போன்ற ஜீன்கள் ஒரு புரதத்தைத் தயாரிக்கின்றன. அது போதுமான அளவு சேர்ந்ததும், தன் ஜீனையே போய் நிறுத்திவிடும். புரதம் சிதைந்து குறைந்ததும் ஜீன் மறுபடி வேலையைத் தொடங்கும். ஒரு சுற்றுக்கு சுமார் 24 மணி நேரம். பழ ஈக்களில் இதைக் கண்டுபிடித்த ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கு 2017-ல் மருத்துவ நோபல் கிடைத்தது.

உயிருள்ள செல்லில் பார்ப்பது எப்படி?

புரதத்தை அளக்க, முன்பு செல்களை உடைத்துத்தான் சோதிக்க வேண்டும். அதனால் ஒரே செல்லை நாள்கணக்கில் பின்தொடர முடியாது. இதற்கு கைகொடுத்தது மின்மினிப் பூச்சி. அதை ஒளிர வைக்கும் 'லூசிஃபெரேஸ்' ஜீனை கடிகார ஜீனோடு இணைத்தார்கள். 'லூசிஃபெரின்' என்ற பொருளைச் சேர்த்தால் போதும். கடிகாரப் புரதம் கூடும்போது வெளிச்சமும் கூடும், குறையும்போது மங்கும்.

அந்த வெளிச்சம் கண்ணுக்கே தெரியாத அளவு மங்கல். எனவே இருட்டுப் பெட்டிக்குள் செல்களை வைத்து, குளிரூட்டப்பட்ட கேமராவில் ஒரு படத்துக்கே பல நிமிடங்கள் எடுத்துக்கொள்கிறார்கள். வெளியிலிருந்து ஒளி பாய்ச்சத் தேவையில்லை என்பதால் செல்லுக்குப் பாதிப்பும் குறைவு.

என்ன தெரிய வந்தது?

2004-ல் அமெரிக்காவின் ஜோசஃப் டகஹாஷி குழு, இப்படி ஒளிரும் எலிகளை உருவாக்கியது. தனியே எடுத்து வளர்த்த திசுக்களிலும் 20 நாட்களுக்கு மேல் தாளம் தொடர்ந்தது. மூளையில் உள்ள தலைமைக் கடிகாரத்தை அழித்தாலும் மற்ற உறுப்புகளின் கடிகாரம் நிற்கவில்லை. ஒவ்வொன்றும் வேறு வேறு நேரம் காட்டியது. அதாவது மூளையின் வேலை, எல்லா கடிகாரத்தையும் ஒரே நேரத்துக்கு வைப்பதுதான்.

நமக்கு என்ன பயன்?

2017-ல் பிரிட்டனின் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள், காயத்தை ஆற்றும் தோல் செல்களின் வேகம் நேரத்துக்கு ஏற்ப மாறுவதைக் கண்டனர். பிறகு 118 தீக்காய நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்தபோது, பகலில் பட்ட காயம் ஆற சராசரியாக 17 நாட்களும், இரவில் பட்ட காயம் ஆற 28 நாட்களும் ஆகியிருந்தன. இது பழைய பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு. கடிகாரம் மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது.

ஆனாலும் விஷயம் சின்னது இல்லை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, இரவுப் பணியை 'புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை' பட்டியலில் 2007-ல் சேர்த்தது. 2019-ல் அதை மீண்டும் உறுதி செய்தது. எந்த ஷிஃப்ட் முறை உடம்பைக் குறைவாகப் பாதிக்கும், எந்த மருந்தை எப்போது கொடுத்தால் நன்றாக வேலை செய்யும் என்ற கேள்விகளுக்கு, இருட்டுப் பெட்டியில் மினுங்கும் இந்தச் செல்களிடமும் விடை தேடுகிறார்கள்.