ஆய்வு கடையில் கிடைக்கும் சரக்கா?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (புள்ளியியல்) மாணவன்

பட்டம் பெற்றதும் எம்.பி.ஏ. படிக்கப் போவதாகச் சொல்லும் நண்பர்கள் நம் கல்லூரியில் பலர். நானும் அவர்களுள் ஒருவன். அப்படிப்பில் ‘ஆய்வு முறையியல்’ என்றொரு பாடம் உண்டு. அதைப் படித்து முடித்த அண்ணன்மாரைக் கேட்டால், “வரையறைகளை மனப்பாடம் செய்துவிடு, ப்ராஜெக்ட்டை ஜெராக்ஸ் கடையில் வாங்கிக்கொள்” என்கிறார்கள். பெயரை மாற்றி, அட்டை போட்டு, இரண்டே நாளில் தந்துவிடுவார்களாம். வினாத்தாள்களை விடுதி நண்பர்களே ஓர் இரவில் நிரப்பிவிடுகிறார்கள். அவர்களே இல்லத்தரசியாகவும் மொத்த வியாபாரியாகவும் அவதாரம் எடுப்பது தனிக்கதை! இந்த அறிவுரையை நான் ஏற்பதற்கில்லை.

கேள்வி பிழையானால் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தும் பயனில்லை. 1985 ஏப்ரலில் அமெரிக்காவின் கோகோ கோலா நிறுவனம் தன் பானத்தின் சுவையை மாற்றியது. அவசரப்பட்டுச் செய்த காரியமன்று. ஏறக்குறைய 2 இலட்சம் பேருக்குச் சுவைக்கக் கொடுத்து, புதியதே மேல் என்று அதிகம் பேர் சொன்ன பிறகே மாற்றினார்கள். ஆயினும் மக்கள் கொதித்தெழுந்தனர். கண்டனக் கடிதங்கள் குவிந்தன. 79 நாட்களில் பழைய பானம் கடைக்குத் திரும்பியது. எது சுவை என்று கேட்டார்களே தவிர, இது வந்தால் பழையது கிடைக்காது என்பதைச் சுவைத்தவர்களிடம் சொல்லவில்லை.

யாரைக் கேட்பது என்பது அடுத்த சிக்கல். 1936-இல் அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ‘லிட்டரரி டைஜஸ்ட்’ இதழ் ஒரு கோடி பேருக்கு அட்டை அனுப்பியது. வந்த விடைகள் 20 இலட்சத்துக்கும் மேல். லாண்டன் வெல்வார் என்றது இதழ். ரூஸ்வெல்ட்டோ 48 மாநிலங்களில் 46-ஐக் கைப்பற்றினார். அட்டைகளில் பெரும்பாலானவை தொலைபேசியும் மோட்டார் காரும் வைத்திருந்தோர் பட்டியல் பார்த்து அனுப்பப்பட்டவை.

இதை என் தந்தையாரிடம் சொன்னேன். பள்ளி சென்றறியாதவர்; நெல் மண்டியில் மூட்டை சுமப்பவர். கேட்டுவிட்டுச் சிரித்தார். வாங்க வரும் வியாபாரி மூட்டையின் மேல், நடு, அடி என மூன்று இடத்தில் குத்தூசி போட்டுப் பார்த்த பிறகுதான் விலை பேசுவாராம். “மேல இருக்கறத நம்பினா மண்டி நடத்த முடியுமாப்பா?” என்றார். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஒரே நெருப்பில் வெந்த சோற்றுக்குத்தான் பொருந்தும். வாங்குவோர் கூட்டம் அப்படி வெந்ததில்லை.

நம்மில் பலர் வீட்டில் முதல் பட்டதாரிகள். வேலைக்கான நேர்முகத் தேர்வில், “இந்த நூறு பேரை எப்படித் தேர்ந்தெடுத்தீர்?” என்ற ஒரே கேள்வி போதும், விலைக்கு வாங்கிய ஆய்வின் சாயம் வெளுத்துவிடும். வணிகர் வீட்டுப் பிள்ளைக்கு அதன் பிறகும் அப்பாவின் கடை இருக்கிறது. நமக்கு?

ஆகவே, புள்ளியியல் துறையும் வணிகவியல் துறையும் சேர்ந்து ஆண்டுதோறும் ஒரு கள ஆய்வு நடத்தலாமே! நம் கல்லூரி உணவகத்திலிருந்தே தொடங்கலாம். மதியம் அங்கே சாப்பிடாதவர்கள் ஏன் சாப்பிடுவதில்லை? உணவக வாசலில் நின்று கேட்டால் இதற்கு விடை கிடைக்காது. வருகைப் பதிவேட்டிலிருந்து சமவாய்ப்பு முறையில் 60 பேரை எடுத்து, ஒவ்வொருவரையும் தேடிப் போய்க் கேட்க வேண்டும். பேராசிரியர்கள் இசைந்தால், வினாத்தாளை எழுத நானும் என் வகுப்பு நண்பர்களும் ஆயத்தமாக இருக்கிறோம்.