பால்காரர் மீது வழக்குப் போடலாமா? சட்டம் சொல்வது இதுதான்!

“தண்ணி கலக்காத பால் எங்கே கிடைக்குது?” திருத்தணியோ திருவாலங்காடோ, காலையில் கேனோடு பால் வண்டி வந்து நிற்கும் எந்தத் தெருவிலும் கேட்கிற பேச்சு இது. புலம்பிவிட்டு அதே பாலை வாங்கிக் காய்ச்சி, குழந்தைக்கும் கொடுத்துவிடுகிறோம். ஆனால், சட்டம் இதை அவ்வளவு லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

உத்தரப்பிரதேசத்தில் ஒரு பால் வியாபாரியிடம் 1995 அக்டோபரில் அதிகாரிகள் மாதிரி எடுத்தார்கள். கொழுப்பு 4.6 சதவிகிதம் இருந்தது. எஸ்.என்.எஃப். எனப்படும், கொழுப்பு நீங்கலான திடச்சத்து மட்டும் 8.5-க்குப் பதில் 7.7 இருந்தது. ‘உடம்புக்குக் கெடுதலாக எதுவும் கலக்கவில்லையே, குறைவும் கொஞ்சம்தானே’ என்று வாதாடிப் பார்த்தார். 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், ‘நிர்ணயித்த அளவுக்குக் கொஞ்சம் குறைந்தாலும் கலப்படமே’ என்று சொல்லி, 6 மாதச் சிறைத் தண்டனையை உறுதிசெய்தது. மாதிரி எடுத்து 24 வருடங்கள் கழித்து! அந்தப் பாலைக் குடித்தவர்களுக்கு அதனால் என்ன லாபம்?

அது 1954-ம் வருடத்துப் பழைய சட்டம். 2011 ஆகஸ்ட் முதல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. தரம் குறைந்த பாலுக்கு இப்போது சிறை கிடையாது. 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். நம் மாவட்டங்களில் இதை விசாரிப்பவர் மாவட்ட வருவாய் அலுவலர். யூரியா, சோப்புத்தூள் போன்றவை கலந்து, பால் ‘பாதுகாப்பற்றது’ என்று ஆய்வில் வந்தால் கிரிமினல் வழக்கு, சிறை. உயிரிழப்பு நேர்ந்தால் ஆயுள் தண்டனை வரை போகலாம்.

பால்காரருக்கும் உரிமை உண்டு. எடுக்கும் மாதிரியை நான்கு பாகமாகப் பிரிக்க வேண்டும். ஆய்வு முடிவு தவறு என்று நினைத்தால், 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

தெரு வியாபாரியைப் பிடித்தால் எல்லாம் சரியாகிவிடுமா? 2018-ல் எடுத்த தேசியப் பால் ஆய்வைப் பாருங்கள். 6,432 மாதிரிகளில் ஆபத்தான கலப்படம் இருந்தது 12-ல் மட்டுமே. ஆனால், தமிழ்நாட்டின் 551 மாதிரிகளில் 88-ல் அஃப்ளடாக்சின் எம்1 என்ற நச்சு வரம்பைத் தாண்டியிருந்தது. பூஞ்சை பிடித்த தீவனம் வழியாகப் பாலுக்கு வருவது இது. காய்ச்சினாலும் போகாது. இதற்குத் தெருமுனையில் பால் ஊற்றுபவரை மட்டும் பிடித்துப் பயனில்லை. மாட்டுத் தீவனத்தில் இருந்தே கண்காணிப்பு வேண்டும்.

சரி, சந்தேகம் வந்தால் நாம் என்ன செய்யலாம்? சட்டத்தின் 40-வது பிரிவின்படி, கட்டணம் செலுத்தி நாமே அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் பாலைக் கொடுத்துப் பரிசோதிக்கலாம். ஒரே நிபந்தனை, வாங்கும்போதே ‘இதைச் சோதனைக்குக் கொடுக்கப்போகிறேன்’ என்று விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும். 14 நாளில் முடிவு வர வேண்டும். பாலில் குறை இருந்தால், கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும். மேல்நடவடிக்கைக்கு அறிக்கை அதிகாரியிடம் போகும். உணவுப் பாதுகாப்புத் துறைக்கு 94440 42322 என்ற எண்ணில் வாட்ஸ்அப் புகாரும் அனுப்பலாம்.

பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்பதற்காக ஒருவரின் பிழைப்பைக் கெடுக்க வேண்டாம். சந்தேகத்தோடு பிள்ளைக்குப் பால் ஆற்றிக் கொடுக்கவும் வேண்டாம். சோதித்துவிடுங்கள்!