'சந்தேகப்படும்படி நின்றிருந்தவர்'

தமிழ் நாளிதழ்களின் மாவட்டச் செய்திப் பக்கங்களைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குச் சில வாக்கியங்கள் மனப்பாடமாகியிருக்கும். போலீசார் ரோந்துப் பணியில் இருந்தபோது அங்கே சந்தேகப்படும்படி ஒருவர் நின்றிருந்தார். பிடித்து விசாரித்ததில் முன்னுக்குப் பின் முரணாகப் பதிலளித்தார். கிடுக்கிப்பிடி விசாரணையில் பல இடங்களில் கைவரிசை காட்டியது தெரியவந்தது. ஊர் மாறும், பெயர் மாறும், வாக்கியங்கள் மாறுவதில்லை.

இந்த வாக்கியங்களை எழுதியவர் யார்? செய்தியின் மேலே 'நமது நிருபர்' என்று இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் அது காவல் நிலையத்திலிருந்து வந்த செய்திக் குறிப்பு. 'தெரியவந்தது' என்ற சொல்லைக் கவனியுங்கள். யாருக்குத் தெரியவந்தது, யார் சொன்னார்கள், எந்த நிலையில் சொன்னார்கள் என்று அதில் எதுவுமே இல்லை. காவல்துறை அதிகாரியிடம் தரப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் குற்றத்துக்கு ஆதாரமாக வைக்கக் கூடாது என்று 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமே சொன்னது. அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அதையே சொல்கிறது. அடித்து வாங்கியதாக இருக்கலாம் என்ற ஐயம்தான் காரணம். நீதிமன்றம் வாசலிலேயே நிறுத்தி வைக்கும் ஒன்றை நம் செய்தித்தாள்கள் கையைப் பிடித்துக் கூட்டிவந்து முதல் பத்தியில் உட்கார வைக்கின்றன.

அடுத்த நாள் கையில் மாவுக்கட்டுடன் ஒரு புகைப்படம் வரும். தப்பி ஓடும்போது தவறி விழுந்தார், கழிப்பறையில் வழுக்கி விழுந்தார் என்பது செய்தி. நாமும் அதை மீம் போட்டுச் சிரிக்கிறோம். சித்திரவதை இங்கே நகைச்சுவையாகிவிட்டது. படத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்த்ததுமே 'இவன் செஞ்சிருப்பான்' என்று நமக்குத் தோன்றிவிடுவதால்தான் அப்படிச் சிரிக்க முடிகிறது. அந்தத் தோற்றம் நமக்கு எங்கிருந்து வந்தது?

பொதுப்புத்தி என்பது அறியாமையிலிருந்து தானாக முளைப்பது என்ற எண்ணம் முற்போக்காளர்களிடமும் உண்டு. படிக்காததால் முன்முடிவு வருகிறது, படித்தால் போய்விடும் என்று நம்புகிறோம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. இந்த முன்முடிவை உண்டாக்கியவர்கள் நன்றாகப் படித்தவர்கள். அவர்கள் அதைச் சட்டமாக எழுதினார்கள், நூலாக அச்சிட்டார்கள், பதிவேட்டில் ஏற்றினார்கள்.

1871-இல் ஆங்கிலேய அரசு குற்றப் பழங்குடிகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதற்குச் சொல்லப்பட்ட நியாயம் நமக்கு நன்கு தெரிந்த நியாயம்தான். இந்தியாவில் தொழில் பரம்பரையாக வருகிறது. தச்சர் மகன் தச்சர், நெசவாளர் மகன் நெசவாளர். அப்படியானால் குற்றவாளியின் மகனும் குற்றவாளியாகத்தானே இருக்க வேண்டும்? பிறப்பே தொழிலையும் குணத்தையும் முடிவு செய்கிறது என்ற வருண தருமத்தின் வாதத்தை விக்டோரியா அரசு அப்படியே எடுத்துக்கொண்டு தன் முத்திரையைக் குத்தியது. ஒரு சமூகத்தைக் குற்றப் பழங்குடி என்று அறிவித்துவிட்டால் அந்த அறிவிப்பு சரியா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது என்றும் அச்சட்டம் சொன்னது. ஆகவே ஒருவரைக் குற்றவாளி ஆக்க அவர் எதையும் செய்திருக்க வேண்டியதில்லை, பிறந்திருந்தாலே போதும்.

முதலில் வட இந்தியாவில் வந்த இச்சட்டம், 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகச் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. நம் மக்கள் இதை ரேகைச் சட்டம் என்றார்கள். கைரேகையைப் பதிய வேண்டும், குறித்த நேரத்தில் ஆஜராக வேண்டும், அனுமதியின்றி ஊர் தாண்டக் கூடாது. 1920 ஏப்ரல் 3 அன்று மதுரை மாவட்டத்தின் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர் மக்கள் மீது காவல்துறை சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள்.

சட்டம் தனியாக வரவில்லை, அதற்கு முன்னும் பின்னும் புத்தகங்கள் வந்தன. சென்னை மாகாணக் காவல்துறையைச் சேர்ந்த முல்லாலி என்ற அதிகாரி, இம்மாகாணத்தின் 'குற்ற வகுப்புகள்' பற்றி 1892-இல் ஒரு நூலே வெளியிட்டார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் மக்களின் மூக்கையும் தலையையும் அளந்தார். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய அவருடைய ஏழு தொகுதிகள் 1909-இல் வெளியாயின. காவல் அதிகாரியின் சந்தேகம் நூலில் ஏறியதும் 'தகவல்' ஆனது. அந்த நூலைப் படித்துவிட்டு வந்த அடுத்த அதிகாரிக்கு அது 'அறிவு' ஆனது. அவர் கைது செய்த பின் அதுவே 'அனுபவம்' ஆனது. இன்று 'எங்க அனுபவத்துல சொல்றோம்' என்று ஒரு காவலர் சொல்லும்போது, அதற்குள் அவர் படித்தேயிராத 1892-ஆம் ஆண்டுப் புத்தகமும் இருக்கிறது.

இந்தச் சுழல் எப்படி இயங்குகிறது என்பதைப் புரிந்துகொள்வது முக்கியம். ஒரு தெருவில் திருட்டு நடக்கிறது. காவல்துறை முதலில் பழைய பதிவேட்டைப் புரட்டும். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர் வீட்டுக்குப் போகும். அவரைக் கைது செய்தால் பதிவேட்டில் இன்னொரு வரி சேரும். அடுத்த திருட்டுக்கு அந்த வரியே காரணமாகும். கைதுச் செய்தி வெளியாகும், ஆனால் மூன்று ஆண்டு கழித்து வரும் விடுதலை வெளியாகாது. படிக்கும் நமக்குக் கைதுகள் மட்டுமே தெரியும். 'எப்பப் பாத்தாலும் அந்த ஆளுங்கதான் மாட்டுறாங்க' என்போம். எப்போதும் அவர்களைத்தானே தேடுகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். அதாவது குற்றம் மெய்ப்பிக்கப்படாதவர்கள். பொதுப்புத்தியின் கணக்கில் அவர்கள் அத்தனை பேரும் ஏற்கெனவே குற்றவாளிகள்.

சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947-இல் நீக்கப்பட்டது. நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31 அன்று நீங்கியது. சீர்மரபினர் அமைப்புகள் அந்த நாளை விடுதலை நாளாகக் கொண்டாடுகின்றன. ஆனால் பழைய சட்டம் போனதும் வழக்கக் குற்றவாளிகள் சட்டங்கள் வந்தன. சென்னையில் 1948-லேயே அப்படி ஒன்று வந்துவிட்டது. சொல் மாறியது, பதிவேடு மாறவில்லை. எவ்வளவு மாறவில்லை என்பதை 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கு அது. பல மாநிலச் சிறை விதிகளில் துப்புரவு வேலை இன்ன சாதிக்கு, சமையல் வேலை இன்ன சாதிக்கு என்று எழுதியிருந்ததையும், சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாகக் கருதும் விதிகள் நீடித்ததையும் நீதிமன்றம் அரசமைப்புக்கு எதிரானவை என்றது. கைதிகளின் பதிவேட்டிலிருந்து சாதிக் கட்டத்தையே நீக்கச் சொன்னது. நம் பாளையங்கோட்டைச் சிறையில் கைதிகளைச் சாதிவாரியாகப் பிரித்து வைப்பதும் அந்தத் தீர்ப்பில் பேசப்பட்டது. அரசமைப்புச் சட்டம் வந்து 74 ஆண்டுகளுக்குப் பிறகுதான் சிறை விதிப் புத்தகத்தை ஒருவர் நீதிமன்றத்தில் திறந்து காட்ட முடிந்திருக்கிறது. அதைக் காட்டியவர் ஒரு பத்திரிகையாளர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஊடகத்தால் இதுவும் முடியும்.

முடிந்தும் ஏன் பெரும்பாலும் செய்வதில்லை? 2019-இல் ஆக்ஸ்பாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், கணக்கெடுத்த 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியினரிடம் இருந்தன. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஒருவர்கூட அந்த 121-இல் இல்லை. செய்தியறையில் யாருக்கும் 'சந்தேகப்படும்படி' நின்ற அனுபவம் இல்லையென்றால் அந்தச் சொல்லைப் பார்த்து யாருக்கு உறுத்தும்? காவல் நிலையத்தில் தன் அண்ணன் அடிபட்டதைப் பார்த்த ஒருவர் ஆசிரியர் நாற்காலியில் இருந்தால், 'தெரியவந்தது' என்ற சொல் அவ்வளவு எளிதாக அச்சுக்குப் போகாது.

திரைப்படம் இந்த வேலையை இன்னும் ஆழமாகச் செய்கிறது. 2017-இல் வந்த 'தீரன் அதிகாரம் ஒன்று' ஒரு கொள்ளைக் கும்பலைத் தேடும் காவல் அதிகாரியின் கதை. ஆனால் கும்பலின் கதையோடு நிற்காமல், அந்தக் கும்பல் பிறந்த சமூகத்தின் வரலாற்றையே கொடூரத்தின் வரலாறாகக் காட்டியது. நான்கு ஆண்டு கழித்து வந்த 'ஜெய்பீம்', சிறை வாசலில் விடுதலையாகி வருபவர்களைச் சாதி கேட்டுப் பிரித்து, சிலரை மட்டும் மீண்டும் பொய் வழக்கில் அள்ளிச் செல்லும் காட்சியோடு தொடங்கியது. அந்தக் காட்சி பலரை உலுக்கியது உண்மை. ஆனாலும் கடலூர் மாவட்டத்தில் 1993-இல் காவல் நிலையத்தில் கொல்லப்பட்ட ராஜாகண்ணு குறவர் சமூகத்தவர். படம் அவரை இருளராக்கியது. உயிரைப் பறிகொடுத்த சமூகத்துக்கு அந்தக் கதையில் தன் பெயரும் கிடைக்கவில்லை. அதே வேளை, ஒரு 'ஜெய்பீம்' வருவதற்குள் காவல் அதிகாரி மோதல் கொலை செய்து கைதட்டல் வாங்கும் படங்கள் எத்தனை வந்துவிடுகின்றன என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இது வெறும் பிம்பப் பிரச்சினை அல்ல, உயிர்ப் பிரச்சினை. 2018-இல் குழந்தை கடத்தும் கும்பல் வந்திருக்கிறது என்ற வாட்ஸ்அப் வதந்தி நாடெங்கும் பரவியது. திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் அருகே, குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த மூதாட்டி ஒருவரை ஊரே சேர்ந்து அடித்துக் கொன்றது. அதே ஆண்டு ஜூலை 1 அன்று மகாராட்டிரத்தின் துலே மாவட்டத்தில் ரெயின்பாடா என்ற ஊரில் 5 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்கள் ஊர் ஊராகச் சென்று பிச்சை கேட்டுப் பிழைக்கும் நாத்பந்தி தவரி கோசாவி என்ற நாடோடிச் சமூகத்தவர். வதந்தியைக் கிளப்பியது செல்பேசி. ஆனால் ஊருக்குள் வரும் நாடோடியைப் பார்த்ததும் 'பிள்ளை பிடிக்கிறவன்' என்று தோன்ற வைத்தது செல்பேசி அல்ல. அதற்கு நூற்றைம்பது ஆண்டுத் தயாரிப்பு இருக்கிறது.

முன்முடிவு எல்லோர் மீதும் ஒரே மாதிரி விழுவதும் இல்லை. ஆதிக்கச் சாதி இளைஞர்கள் அரிவாளோடு ஊர்வலம் போனால் அது வீரம். சேரிக்குள் புகுந்து வீடுகளை எரித்தால் 'இரு தரப்பினரிடையே மோதல்'. பெற்ற மகளைக் கொன்றால் நேற்றுவரை அது 'கௌரவக் கொலை'. அந்தக் குற்றங்களுக்காக யாரும் அச்சாதியைக் குற்றப் பரம்பரை என்று எழுதமாட்டார்கள். எழுதக் கூடாது என்பதுதான் நம் நிலைப்பாடும். ரேகைச் சட்டத்தில் சிக்கிய சமூகங்களில் சில நிலத்தாலும் எண்ணிக்கையாலும் அரசியலாலும் அந்தப் பெயரை உதறிவிட்டன. அதில் சில இன்று தலித் மக்கள் மீது ஆதிக்கம் செலுத்தவும் செய்கின்றன. நிலமும் எண்ணிக்கையும் இல்லாத குறவர்களிடம் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. பெயரை ஒட்ட வைப்பதும் உரிப்பதும் அதிகாரமே என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

அப்படியானால் இதை மாற்ற முடியாதா? முடியும் என்பதற்கு நம் கண்முன் சான்று இருக்கிறது. 'கௌரவக் கொலை' என்று எழுதிக்கொண்டிருந்த இதழ்கள் இன்று 'ஆணவக் கொலை' என்று எழுதுகின்றன. அந்தச் சொல்லை எந்த ஆசிரியர் குழுவும் கருணையோடு கொடுக்கவில்லை. சாதி ஒழிப்பு இயக்கங்கள் மேடையிலும் துண்டறிக்கையிலும் விடாமல் சொல்லிச் சொல்லி அச்சில் ஏற்றின. மேற்கு வங்கத்தில் புதன் சபர் என்ற சபர் பழங்குடி இளைஞர் 1998 பிப்ரவரியில் காவலில் இறந்தபோது, மகாசுவேதா தேவியும் கணேஷ் தேவியும் அதை நாடறியச் செய்தார்கள். வழக்கு கல்கத்தா உயர் நீதிமன்றம் போனது. அகமதாபாத்தின் சாராநகரில், திருடர் குடியிருப்பு என்று ஊரே ஒதுக்கிய இடத்தில், சாரா இளைஞர்கள் அவர் பெயரில் ஒரு நாடகக் குழுவையே தொடங்கினார்கள். தங்களைப் பற்றிய கதையைத் தாங்களே சொல்ல ஆரம்பித்தார்கள்.

ஆகவே கேட்க வேண்டியவற்றைத் தெளிவாகவே கேட்போம். வழக்கக் குற்றவாளிகள் சட்டங்களை முற்றாக நீக்க வேண்டும். காவல்துறை ஊடகத்திடம் எப்படிப் பேச வேண்டும் என்று வழிகாட்டி நெறிகள் வகுக்கும்படி உச்ச நீதிமன்றம் 2023 செப்டம்பரில் ஒன்றிய உள்துறை அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. விசாரணையில் இருப்பவர்களை வரிசையாக நிறுத்திப் படம் எடுப்பதும், அவர்களது 'வாக்குமூலத்தை' வெளியிடுவதும் இனியாவது நிற்க வேண்டும். கைதை முதல் பக்கத்தில் போட்ட இதழ், விடுதலையை உள்பக்கத்திலாவது போட வேண்டும். 'தெரியவந்தது' என்பதற்குப் பதிலாகக் 'காவல்துறை சொல்கிறது' என்று எழுதுவதற்குக் கூடுதலாக ஒரு ரூபாயும் ஆகாது. செய்தியறைகளில் சீர்மரபினரும் தலித்துகளும் பழங்குடியினரும் முடிவெடுக்கும் இடத்தில் இருக்க வேண்டும்.

நம் கையிலும் ஒரு வேலை இருக்கிறது. குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சிசிடிவி காட்சி வரும். 'இந்த ஆள் நம்ம தெருவுல சந்தேகப்படும்படி சுத்திட்டிருக்கான், எல்லாருக்கும் பகிருங்க' என்று கீழே எழுதியிருக்கும். படத்தில் ஒரு மனிதர் நடந்து போய்க்கொண்டிருப்பார், அவ்வளவுதான். பகிர்வதற்கு முன் அந்தக் குழுவிலேயே ஒரு கேள்வி கேளுங்கள்: நடந்துபோனது தவிர இவர் என்ன செய்தார்?