நுண்பாசிக்குப் பெயர் எதற்கு?

கடல் காணாத ஊர் நம் திருவண்ணாமலை. ரமணாசிரமம் பகுதியில் வாழும் யாம் கடல்வாழ் நுண்பாசியைக் குறித்து எழுதுவதும், அதனைத் தமிழ்த்துறை மலரில் எழுதுவதும் சிலர்க்கு வியப்பளிக்கலாம். உயிர்களை இனங்கண்டு இலக்கணம் வகுத்தல் தமிழுக்குப் புதிதன்று என்பதே எம் விடை. புறத்தே வயிரமுடையது புல், அகத்தே வயிரமுடையது மரம் என அடையாளங்காட்டிப் பிரித்தது தொல்காப்பிய மரபியல்.

நோன்பு திறக்கையில் நாம் உண்ணும் கடற்பாசி, கண்ணுக்குப் புலப்படும் பாசியிலிருந்து ஆவது. நுண்பாசியோ நுண்ணோக்கியிலன்றித் தெரியாதது. ஆயினும் அது பெருகினால் கடலின் நிறமே மாறும், மீன்கள் மடியும். மலபார்க் கரையில் இது பலகால் நிகழ்ந்தது. சென்னை மாகாண மீன்துறை இயக்குநராயிருந்த ஜேம்ஸ் ஹார்னல் அதனை ஆராய்ந்தார். பின்னர், அந்நாளில் மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞர் ஆர். சுப்பிரமணியன், அங்கு மீன்களைக் கொன்ற புதியதோர் உயிரை இனங்கண்டு, 1954இல் 'ஹார்னெல்லியா மரைனா' எனப் பெயரிட்டு விவரித்தார்.

அது எளிய பணியன்று. அவ்வுயிர் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கே நீளமுடையது. செல்சுவர் இன்மையால் ஃபார்மலினில் இட்டால் உருக்குலைந்துவிடும். உயிரோடிருக்கையிலேயே நோக்கி, வரைந்து, ஒத்த இனங்களோடு ஒப்பிட வேண்டும்.

1972இல் ஜப்பானின் ஹரிமா கடற்பகுதியில் இதன் நெருங்கிய உறவான பாசி பெருகி, ஏறத்தாழ 1 கோடியே 40 இலட்சம் வளர்ப்பு மீன்கள் மாண்டன. 1982இல் ஹாரா, சிஹாரா எனும் ஜப்பானிய அறிஞர்கள் மலபார் உயிரைச் 'சட்டோனெல்லா' பேரினத்தில் சேர்த்தனர். பேரினப் பெயர் மாறியது, 'மரைனா' நிலைத்தது, அதனருகே அடைப்புக்குறிக்குள் சுப்பிரமணியன் பெயரும் நிலைத்தது. ஒரு கரையில் எழுதிய இலக்கணம் மறுகரையினர்க்கு உதவிற்று.

2019இல் மன்னார் வளைகுடாவில் மீன்களை மடியச் செய்தது நாக்டிலூக்கா எனும் வேறோர் உயிர். நீர் நிறம் மாறுவது ஒன்றுபோல் தோன்றினும் காரணம் வேறு. தீங்கு விளையும் முறையும் வேறு. பகையின் பெயரறியாமல் மீனவர் பிழைப்பைக் காப்பதெங்ஙனம்? மரபணு வரிசையைப் படிக்கும் கருவிகள் வந்துள்ளமை உண்மையே. எனினும் அவ்வரிசை எவ்வுயிர்க்கு உரியதெனக் கூற, உருவறிந்து விவரித்தவர் வேண்டுமன்றோ? இனங்காணலைப் பழம்பணி என ஒதுக்குவது தகாது.

புதிய பாசியை 2011 இறுதிவரை இலத்தீனில் விவரித்தல் கட்டாயமாயிருந்தது. 2012 முதல் ஆங்கிலமும் ஏற்கப்படுகிறது. தமிழுக்கு அவ்வுரிமை இல்லை. எனினும் உடன் ஒரு தமிழ் விவரிப்பு எழுதத் தடையேதுமில்லை. தாவரவியல் மாணவரும் தமிழ் மாணவரும் கூடி, கடல்நீரின் நிறத்துக்கும் வாடைக்கும் மீனவர் வழங்கும் சொற்களைத் திரட்டி, அவ்விவரிப்பை எழுதப் பழகுக. பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் உதவித்தொகை வழங்கும் நம் பெரியோர், நுண்ணோக்கி முன் அமரும் மாணவனையும் ஆதரிக்க வேண்டுகிறோம்.